தேடியதேட்டம்

முப்பத்தொன்பது பக்கம்.
கொக்குவில் சந்திக் கடையில் அச்செடுத்து
கோப்பில் போட்டு மேசையில் வைத்தாள் சாருமதி.
"இதில எங்கயாவது நான் இருக்கிறனோ எண்டு
பாருங்கோ மிஸ்."

பதினாறு வருடமாக நான் பார்ப்பது காணி.
வடக்கு ஒழுங்கை, கிழக்கு இன்னாரின் வளவு,
இரண்டரைப் பரப்பு, வான்பயிர், பயன்பயிர்,
கிணற்றில் பங்கு, போக வர வழி வாய்க்கால்.
ஒரு கதியால் அரை அடி நகர்ந்ததற்கு
இரண்டு தலைமுறை வழக்காடியவர்கள்
இதே கதிரையில் இருந்திருக்கிறார்கள்.

இவளுடையதற்கு எல்லை கேட்டேன்.
"சேர்வர் சிங்கப்பூரில" என்றாள்.

கலியாணம் முடித்த வருடம்
அவன் மின்னஞ்சலில் திறந்த கணக்கு.
மூன்று மாதம் விளையாடிவிட்டு அவன் தோஹா போனான்.
மருந்துக்கடை வேலை முடிந்த இரவுகளில்
ஐந்து வருடம் இவள் விளையாடினாள்.
இருநூற்றுப் பன்னிரண்டாம் லெவல்.
பதினொரு வாசல் வைத்த கோட்டை.
பிறகு அந்த மேலங்கி:
இவளே வரைந்து ஏற்றியது,
கடல்நீலக் கரை,
இடது கைப்பட்டியில் எட்டுப் புள்ளிக்கு ஏழு.
"நித்திரைத் தூக்கத்தில ஒண்டு விட்டுப்போச்சு."
இப்போது விவாகரத்து.
அவன் கடவுச்சொல்லை மாற்றிவிட்டான்.

சீதனமல்ல, முதுசமுமல்ல.
கூடி வாழ்ந்த காலத்தில் உழைத்துச் சேர்த்தது
தேடியதேட்டம், பாதி இவளுக்கு.
தேசவழமையை ஒல்லாந்தன் எழுதுவித்தபோது
பனைக்கு விதி இருந்தது, மாட்டுக்கு இருந்தது,
வெட்கமில்லாமல் அடிமைக்கும் இருந்தது.
மேலங்கியை இழுத்து அதற்குள் அடக்கிவிடலாம்
என்றுதான் நினைத்தேன்.

நாலாம் பிரிவு:
உமக்கு எதுவும் விற்கப்படவில்லை,
அனுமதி மட்டும்.
குத்தகைகூட இல்லை இது.
குத்தகைக்காரனை எழுப்பவும் அறிவித்தல் வேண்டும்.

பதினோராம் பிரிவு:
நீர் வரைந்தது உமதே. ஆனாலும் அதை
உலகெங்கும், என்றென்றும், கட்டணமின்றி
எமக்குத் தந்துவிட்டீர்.
என்றென்றும்.
பூசையில் கேட்ட சொல்.
உறுதி எழுதும்போது நான் ஒருநாளும்
அதைத் தொட்டதில்லை, பயம்.

"இதுக்கு நான் எப்ப சம்மதிச்சனான்?"
"ஒரு பொத்தானை அமத்தியிருப்பீர்."
"எல்லாரும் அமத்திறதுதானே?"
எல்லாரும் அமத்துவதுதான்.
நானும்.

கடிதம் எழுதினேன்.
கலிபோர்னியாவுக்கு, பதிவுத் தபாலிலும்.
ஒன்பதாம் நாள் மறுமொழி:
தொடர்புகொண்டமைக்கு நன்றி.
ஒரு கணக்கை இருவர் பயன்படுத்தியதாக
நீங்களே ஒப்புக்கொண்டிருப்பதால்
பிரிவு இருபத்திரண்டின் கீழ்
நிரந்தரமாக மூடப்பட்டது.

அன்றிரவு தோஹாவிலிருந்து அவன் அவளைக் கூப்பிட்டுக் கத்தினானாம்.
எட்டு மாதத்தில் அவன் எடுத்த முதல் அழைப்பு.

இருபத்திரண்டை நான் வாசித்திருந்தேன்.
புருசன் பெண்சாதியை அது
இரண்டு ஆள் என்று எண்ணும் என்று
நினைக்கவில்லை.

காசு வேண்டாம் என்றேன்.
கேட்காமல் வைத்துவிட்டுப் போனாள்.

போன கிழமை
வேறொரு உறுதிக்குப் பிரதி எடுக்க அதே கடை.
பின்பக்கம் நாலு கணினி, நாலு பெடியள்.
கரையில் இருந்தவனுடைய திரையில்
ஒருத்தி மதிலேறி ஓடினாள்,
காற்றில் கடல்நீலக் கரை.
எங்கே எடுத்தனி என்று கேட்டேன்.
"கடையில வந்திருக்கு அன்ரி. ஆயிரத்து நானூறு.
ரீலோட் காசு சேர்த்து வாங்கினனான்."
உண்மையாக உழைத்த முகம்.
அவன்மீது நான் எந்த வழக்கைப் போட?

அவள் வாளை உயர்த்தினாள். இடது கை.
நான் குனிந்து எண்ணினேன்.
மூன்று, நாலு, அவள் திரும்பிவிட்டாள்,
மறுபடி முதலிலிருந்து.
ஏழு.

"அன்ரி,
மறைக்கிறியள்."