நிழற்குடையின் மூன்றாவது கேசட்

பேருக்கு அர்த்தம் கேட்டு
கோயம்புத்தூர் கல்லூரிப் பையன்கள் கடிதம் போட்டார்கள்,
இருளின் குடையா, சாவின் குடையா என்று.
கேத்தி பாலாடாவில் பஸ் நிற்கிற இடம், அவ்வளவுதான்.
கடைசி வண்டி போன பிறகு
சிமெண்ட் பெஞ்சில் ஆம்ப்ளிஃபயரை ஏற்றி
டீக்கடையிலிருந்து ஒயர் இழுத்து
அங்கேதான் ஒத்திகை.

நாலு பேருக்கும் கறுப்புச் சட்டை.
ஜூலையில் துவைத்தால் ஆகஸ்டில் காயும்.
பூஞ்சை வாசத்தோடு மேடை ஏறுவோம்.
புகை மெஷினுக்கு வாடகை கொடுத்ததில்லை,
ஜன்னலைத் திறந்தால் மேகம் தானே உள்ளே வரும்.
இருட்டு எங்களுக்கு ரேஷனில் கிடைத்தது.

கிளாடிஸ் தொண்டையைக் கிணற்றில் இறக்கி
'சவப்பெட்டி' என்று பாடுவாள்.
இரண்டு கேசட்டில் பதினாலு இடத்தில் வரும் அந்தச் சொல்,
ஜோகி எண்ணியிருக்கிறான்.
அப்போது எங்களில் ஒருவரும்
ஒன்றைக்கூடத் தூக்கியதில்லை.

அந்த ஐப்பசியில்
மயில்வாகனத்தின் லைன் வீட்டு மேல் மண் இறங்கியது.
தம்பி. பதினோரு வயது.
பெட்டி சின்னதுதான்.
தேயிலைக்கு நடுவே ஒற்றையடிப் பாதை வழுக்கியது,
நாலு பேர் சேர்ந்து நடக்க அகலமில்லை,
இரண்டிரண்டு பேராக மாற்றிக்கொண்டோம்.
கயிறு உள்ளங்கையை அறுத்தது.
எடையைப் பற்றி
எங்கள் பாட்டு எதிலும் ஒரு வரி இல்லை.

தை பிறந்து வந்தான்.
டிரம்ஸைத் தொடவில்லை.
பெஞ்சில் உட்கார்ந்து தொடையில் தட்டினான்,
கல்யாண வீட்டில் பொடிசுகள் தட்டுவது போல,
வேகமாக, வெட்கமில்லாமல்.
"இதுக்குப் பாடு" என்றான்.

கிளாடிஸ் கிணற்றுக்குப் போகவில்லை.
டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் பகல் முழுக்க
'நம்பர் ப்ளீஸ்' சொல்லும் குரல் இருக்கிறதே, அதில் பாடினாள்.
அவள் குரல் அதுதான் என்று
ஆறு வருஷம் கூட வாசித்த பிறகு தெரிந்தது எனக்கு.

மூன்று நிமிஷப் பாட்டு எவ்வளவு கஷ்டம் தெரியுமா?
ஒப்பாரியை எங்கே வேண்டுமானாலும் இழுக்கலாம்.
சிரிப்பை நிறுத்த ஒரே ஒரு இடம்தான் உண்டு,
தப்பினால் பல்லிளிப்பு.
பேஸில் நாலு கம்பி; நான் இரண்டோடு நிறுத்திக்கொண்டேன்.
தம்பி பேர் எந்தப் பாட்டிலும் இல்லை.
வர்க்கி இருக்கிறது. ஒரு பச்சை ஸ்வெட்டர் இருக்கிறது.
லவ்டேல் வளைவில் ரயில் போடும் கூவலை
மயில்வாகனமே வாயால் போட்டான்.

'ஐந்து நாள் வெயில்' என்று பேர்.
குன்னூர் பெட்போர்டில் வெளியீடு.
கறுப்புச் சட்டைக்காரர்கள் பதினேழு பேர் வந்து
இரண்டாவது பாட்டில் எழுந்து போனார்கள்.
"சினிமாவுக்கே போயிடுங்கடா" என்றான் ஒருவன்.
போனோம். சென்னையில் ஒரு சினிமாக்காரர்
பாதி கேட்டு நிறுத்தி
"என்னமோ இழவு வீடு மாதிரி இருக்கே" என்றார்.
இன்றுவரை எங்களுக்குக் கிடைத்த
ஒரே சரியான விமர்சனம் அது.

இப்போதும் யாராவது தேடிக்கொண்டு வருகிறார்கள்.
முதல் இரண்டைப் பற்றித்தான் பேச்சு.
மூன்றாவது என்று ஆரம்பித்தால்
"ஓ, அதுவா" என்று டீயை ஊதுகிறார்கள்.

விற்காத இருநூற்று நாற்பதும்
ஜோகி வீட்டுப் பரணில் கிடந்தன.
போன வருஷம் நாடாவையெல்லாம் உருவி
பட்டாணித் தோட்டத்தில் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டினான்,
குருவி வராமலிருக்க.

மழை விட்ட ஒரு காலையில் போயிருந்தேன்.
நாடா முழுக்க வெயில்.
காற்று இழுக்க இழுக்க விர்ரென்று ஒரு சத்தம்,
எங்கள் சுருதி இல்லை.
"பயப்படுதா?"
"ஒரு வாரம். அப்புறம் பழகிடுச்சு."
கொண்டைக்குருவி ஒன்று கம்பில் உட்கார்ந்து
நாடா மூக்கில் உரச உரச
பட்டாணி கொத்திக்கொண்டிருந்தது.

"மொத ரெண்டு கேசட்டைக் கட்டியிருந்தா
ஒருவேளை பயந்திருக்கும்" என்றான் ஜோகி.

அவை கையிருப்பில் இல்லை.
எல்லாம் விற்றுப்போச்சு.