நாற்பத்திரண்டாவது வரி

துரோம்சோவில் டிசம்பர்.
பகல் பதினொன்றுக்கும் விளக்கைப் போட்டுக்கொண்டுதான்
ஆஸ்பத்திரியின் அணுகல் பதிவைப் படிக்கிறாள் இங்குன்:
யார், எப்போது, யாருடைய கோப்பை.

தூர்டிஸ். எலும்பு முறிவுப் பிரிவு, இரவுப் பணி.
மூன்று மாதத்தில் நாற்பத்தொரு முறை
ஒரே மனநலக் கோப்பு.
எதையும் எழுதவில்லை, அச்செடுக்கவில்லை.
திறந்து, நாலு நிமிடம், மூடி.

கடவுச்சொல் சரி. அட்டை சரி.
உரிமைதான் இல்லை.

"என் மகன்," என்றாள் தூர்டிஸ்.
"பேசி ஆறு வருஷம்.
அடுத்த சந்திப்புக்குத் தேதி போட்டிருந்தால்
இருக்கிறான் என்று அர்த்தம்."

படிவத்தில் அதற்குக் கட்டம் கிடையாது.
சிகிச்சைத் தொடர்பு: இல்லை.
அனுமதி: ரத்து.

சட்டப்படி அவனுக்கும் ஒரு கடிதம் போகும்,
உங்கள் கோப்பை இன்னார் பார்த்தார் என்று,
நேரம் நிமிடம் உட்பட.
அதிகாலை 3.12. அதிகாலை 3.40. கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு
இரண்டு தடவை.
ஆறு வருஷத்தில் அம்மா பெயர் தாங்கிப் போகிற
முதல் கடிதம்.

உறையை ஒட்டிவிட்டு
இங்குன் அந்தக் கோப்பைத் திறந்தாள்.
காரணம் கேட்டது கணினி.
'தணிக்கை' என்று அடித்தாள்.

தேதி இருந்தது.
ஜனவரி ஒன்பது, காலை பத்தரை.
யாரிடமும் சொல்லக் கூடாது.