குறிக்கல்

கொலன்னாவைச் சதுப்புக்கு நாற்பதடி கீழே
மழைநீருக்கென்று ஒரு சுரங்கம் தோண்டினோம்.
இயந்திரம் கடந்துபோனபோது
மேலே ஒரு புல் அசையவில்லை.
அசையவில்லை என்று எழுதியவள் நான்.

செவ்வாய்தோறும் காலை ஆறரை.
முக்காலி, மட்டக்கருவி, கோடு போட்ட கோல்,
கோலைப் பிடிக்க லலந்த.
பம்பு அறைச் சுவரில் பித்தளைக் குமிழ் ஒன்று.
உலகத்தில் அசையாத இடம் எங்களுக்கு அதுதான்.
அங்கிருந்து பார்த்தால்
சதுப்பு இருந்த உயரத்தில் இருந்தது.
எட்டு மாதம் "மாற்றமில்லை", கீழே கையெழுத்து.

மிஸ்ரியா மட்டும் சொன்னாள்.
அறுபத்தேழாம் தோட்டம், ஓடைக்கரையில் கடைசி வீடு.
"மிஸ், வாசல்ல மாபிள் ஒண்ட விட்டா
அது தன்ட பாட்டுல குசினிக்குப் போகுது."
பிள்ளைகள் அதை விளையாட்டாக்கியிருந்தார்கள்.
கதவு மூடாது.
சட்டியில் எண்ணெய் ஒருபக்கமாக ஒதுங்கும்.
பழைய வீடு, என்றேன்.
கறையானாக இருக்கும், என்றேன்.

பிறகு ஓடை நின்றது.
வற்றவில்லை;
எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நின்றது.
ஒக்டோபரில் ஓர் இரவு மழைக்கு
வந்த வழியே திரும்பி நடந்து
குசினிக்குள் ஏறியது.
மாபிளுக்கு முதலே தெரிந்திருந்த இடம்.

தெமட்டகொடைப் பாலத்தடியில்
கருங்கல்லில் வெட்டிய பழைய குறி ஒன்றிலிருந்து
இரண்டு நாள், தெருத்தெருவாக,
மட்டத்தைச் சுமந்து வந்தோம்.
குமிழ் பதினேழு சென்டிமீட்டர் இறங்கியிருந்தது.
பம்பு அறையும் கூடவே. சதுப்பும் கூடவே.
கைகோத்துக்கொண்டு இறங்கியிருக்கின்றன,
ஒன்றை ஒன்று பார்த்து
நீ அசையவில்லை, நீயும் அசையவில்லை என்றபடி.
லலந்த கோலை மடக்கவில்லை.
ஒரு சிகரெட் முடியும்வரை
இருவரும் கதைக்கவில்லை.

அங்கே மண் என்று நாங்கள் சொல்வது மண்ணல்ல.
ஆயிரம் வருஷம் மக்கிய வேர், நாணல், இலை;
நீர் குடித்து ஊதிக் கிடக்கும் பஞ்சு.
சுரங்கத்தில் ஒரு மூட்டு கசிந்திருக்கிறது.
கீழிருந்தபடி பிழிந்துகொண்டிருந்தோம்.

லொறியில் மண் கொட்டி நிரப்பலாம்,
என்றார் பொறியியலாளர் வெத்தசிங்க.
இந்த நகரத்துக்குத் தெரிந்த ஒரே மருந்து அது.
கனம் ஏறினால் பஞ்சு இன்னும் அமுங்கும்
என்று விளங்கவைக்க
மூன்று கூட்டம், நாலு தட்டுப் பற்றிஸ்.

கசிவை அடைத்தோம்.
ஓடையின் குறுக்கே கம்பு அடித்து
தும்புச் சுருள்களைக் கிடத்தி
களிமண் அப்பி, நீரைத் தாமதிக்கச் செய்தோம்.
காய்ந்த இடத்தில் புகுந்திருந்த
சேற்றன்னமுன்னாவைத் தூரோடு பிடுங்கினோம்.
கோரை நட்டோம்.
கபரக்கொய்யா ஒன்று
நட்ட வரிசையின் மேலேயே நடந்து
மேற்பார்வை செய்துவிட்டுப் போனது.
பாதி மறுபடி நட்டோம்.

மே மழையில் நீர் வந்தது.
ஜூனிலும் இருந்தது.
நீர் திரும்பும்.
பிழிந்த பஞ்சு மறுபடி குடிக்கும்,
ஆனால் பழைய உயரத்துக்கு எழாது.
பதினேழில் இரண்டு எழுந்தது.
மிச்சம் பதினைந்தில் இப்போது தவளைகள்.

மிஸ்ரியாவின் நட்டஈட்டுப் படிவத்தை
நான்தான் நிரப்பிக் கொடுத்தேன்.
"காரணம்" என்ற கட்டத்தில்
சுரங்கம் என்று எழுதினேன்.
அது பொய்யில்லை.
கட்டம் சின்னது.

செவ்வாய் வந்தால் இப்போது
முக்காலியை விரிக்க முதல் அவள் வாசலுக்குப் போகிறேன்.
சின்னவன் அஸ்பர் மாபிளைத் தருகிறான்,
உள்ளே பச்சை இழை ஓடியது.
விடுகிறேன்.
லலந்த விநாடி எண்ணுகிறான், சிங்களத்தில்.
குசினிச் சுவரில் அது முட்டும் சத்தம் கேட்டதும்
குறித்துக்கொள்கிறேன்.
அளவைப் புத்தகத்தில் அதற்கு நிரல் இல்லை.
ஓரத்தில், பென்சிலால்.