மூன்று நல்ல டயர்கள்

இஷ்பெமிங்கில் நவம்பர் பிறந்ததுமே
சாலையில் உப்பு கொட்டுவார்கள்.
கதவடியைத் துரு தின்னும் சத்தம்
காதில் விழுவதாக எனக்கொரு நினைப்பு.

ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் மைல் ஓடிய செடான்.
விற்ற ஹைக்கினென் எதையும் மறைக்கவில்லை:
எண்ணெய் குடிக்கும்.
ஓட்டுகிறவர் சீட் சூடாகாது, பக்கத்து சீட் சூடாகும்.
அதில் என் சாப்பாட்டு டப்பா பயணம் செய்கிறது.

புதைந்து நிற்கும் வண்டிகளைத் தாண்டி
நாலு சக்கரமும் பிடித்து மேடேறும்போது
கொஞ்சம் தலைக்கனம் வரும், ஒப்புக்கொள்கிறேன்.
அந்தத் தலைக்கனத்தோடுதான் ஜனவரியில்
ஸ்டாப் போர்டைத் தாண்டி வழுக்கிப்போய்
லுத்தரன் சர்ச்சின் பனிக்குவியலில் மூக்கை நுழைத்தேன்.
கிளம்பத்தான் நாலு சக்கரம்.
நிற்பதற்கு எல்லோரையும் போலத்தான்.

மார்ச்சில் ஒரு கூரை ஆணி.
டயரின் ஓரத்தில்; பஞ்சர் ஒட்ட முடியாது.
"ஒன்று மட்டும் புதுசு போட்டால்
உள்ளே பல்சக்கரம் அரைபடும்.
நாலும் மாத்தணும், மார்லிஸ்," என்றான் வெய்க்கோ.
"மற்ற மூன்றும் நல்லாத்தானே இருக்கு?"
"நல்லாத்தான் இருக்கு," என்று
கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

ரே வீட்டை விட்டுப் போன வருஷம்
எங்களிடம் யாரும் இப்படிச் சொல்லவில்லை.
நானும் இரண்டு பிள்ளைகளும்
இருந்த தேய்மானத்தோடு ஓடினோம்.
ஏதோ அரைபட்டது. ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டோம்.

அறுநூற்று நாற்பது டாலர், ஆறு தவணை.
பழைய மூன்றையும் கேட்டு வாங்கிப்
பின்சீட்டில் ஏற்றினேன்.
பெல்ட் போட்டுவிட்டேன்,
வளைவில் உருளாமலிருக்க.