புழு போன வழி

கிராப்ட்ரீ அம்மாள் கடையில்
மழைக்கு ஒதுங்கியபோது வாங்கினேன்.
வடநாட்டு ஆறுகள் பற்றிய தடித்த புத்தகம்,
முதுகுத்தோல் உரிந்தது, பென்சிலில் எட்டுப் பவுண்டு.
"நூற்றுப் பன்னிரண்டுக்கு எதிரே படம் இல்லை,
பிறகு வந்து நிற்காதே" என்றாள்.

இல்லைதான்.
யாரோ சவரக்கத்தியால்
தையலோரம் நறுக்கியிருந்தார்கள்.
ஆனாலும் நூறு வருஷத்துக்கு மேல்
முகத்தோடு முகம் அழுந்திக் கிடந்ததில்
எதிர்ப்பக்கத்தில் பழுப்பாய் ஒரு நிழல் தங்கிவிட்டது:
இடம் வலம் மாறிய பாலம்,
அதன் கீழ் ஒரு படகு.
அல்லது பன்றி.

பகலில் பஸ் ஓட்டுகிறேன்,
ஹாலிஃபாக்ஸ் முதல் ஹெப்டன் பிரிட்ஜ் வரை.
இரவில் பூதக்கண்ணாடி.
முந்நூற்று நாற்பத்தொரு புத்தகம்.
"மாடிப்படியில் ஒரு கால் வைக்கவாவது இடம் விடு"
என்கிறாள் டோரீன்,
மற்றக் காலை என்ன செய்வாள் என்று சொல்லாமல்.

பிப்ரவரியில் கடைவாய்ப்பல்.
பிக்கர்ஸ்கில் டாக்டரின் காத்திருப்பு அறை,
மீன்தொட்டிக்கு மேலே சட்டம் போட்டு
அந்தப் பாலம்.

வானத்தில் மயிரிழை போல வெள்ளைக் கோடு:
மரக்கட்டைகளைத் திருகி இணைத்த இடம்.
பாதி வானத்தை ஒருவன் செதுக்கினான்,
மீதியை வேறொருவன், விளக்கடியில், அவசரமாக.
புகைபோக்கியின் புகை
கோட்டைத் தாண்டியதும் சட்டென்று தடிக்கிறது.
மூன்றாம் வளைவுக்குப் பக்கத்தில்
குண்டூசித் தலை அளவு துளை.
என் புத்தகத்தில் தொண்ணூற்றாறில் நுழைந்து
நூற்று முப்பதில் வெளியேறிய அதே புழு.

அறுபது பவுண்டு தருகிறேன் என்று சொல்லத்தான்
வாயைத் திறந்தேன்.
"இன்னும் அகலமாக" என்றார் டாக்டர்.
அதற்குப் பிறகு நான் சொன்னதெல்லாம் பஞ்சு.

அப்புறம் கேட்கவில்லை. ஏனென்று தெரியவில்லை.
மூன்று மாதத்துக்கொரு முறை போகிறேன்.
மேற்குக் கரையோரம் முழுக்க
என் பற்களைப் போல் பழுதில்லாதவை கிடையாது.

நேற்று பையில் புத்தகத்தையும் கொண்டுபோனேன்.
அறையில் யாருமில்லை.
நூற்றுப் பன்னிரண்டைப் பிரித்து
கண்ணாடிமேல் கவிழ்த்து அழுத்தினேன்.
ஓரம் ஓரத்தோடு, வளைவு வளைவோடு.
மீன்கள் திரும்பிப் பார்த்தன.

படகுமில்லை, பன்றியுமில்லை.
கவிழ்த்துப் போட்ட ஓடம்,
அதற்குத் தார் பூசும் ஒருவன்,
அவன் தொப்பியில்தான்...

"ஹெலிவெல், உள்ளே வாங்க."