குழி இருக்கும் இடம்

நான்கு நாளாய் மடிக்கணினி
குப்புறக் கிடந்தது,
மேலே பாத்திரம் துடைக்கும் துணி.
பள்ளியில் கொடுத்தது, பச்சை நிறம்,
ஓரத்தில் அவள் ஒட்டிவைத்த குதிரை.

கண்ணாடி விரிசல் விட்டிருக்கும் என்று நினைத்தேன்.
என் தொழில் அது.
சால்ட்டோ நகரில், பேருந்து நிலையத்துக்கு எதிரே,
கீழே விழுந்த கைபேசிகளுக்கு
முகம் மாற்றித் தருகிறவன்.
எல்பியோ கடை என்றால் வழி சொல்வார்கள்.
துணியை எடுத்துப் பார்த்தேன்,
ஒரு கீறல் இல்லை.

ஹிமேனா அடுக்களை வாசலில் நின்றாள்.
ஒன்பது வயது.
ஒரு காலால் மறு காலைச் சொறிந்துகொண்டு
"திறக்காதே அப்பா,
நீ பயந்துடுவே" என்றாள்.

திறந்தேன்.
தேடிய சொற்கள் வரிசையாய் இருந்தன:
குதிரைக்குட்டி
குதிரைக்குட்டி எப்படி எழுந்து நிற்கும்
நின்ற பிறகு முதலில் என்ன செய்யும்
அப்புறம் ஒரு சன்னல்,
யாரும் தட்டாமலே திறந்தது.
பெரியவர்களுக்கானது என்பார்கள் அதை.
பெரியவர்களுக்குத்தான் ஆகுமா என்று
யாரும் கேட்பதில்லை.
அதற்கப்பால் எதுவும் தேடப்படவில்லை.
குட்டி இன்னும் எழுந்து நிற்கவில்லை.

எனக்குத் தெரிந்தது கைவேலைதான்.
அன்றிரவே உட்கார்ந்தேன்:
பூட்டு, வடிகட்டி, நேரக்கணக்கு,
கடவுச்சொல்,
கடவுச்சொல்லை மாற்றவும் ஒரு கடவுச்சொல்.
குவளையில் மாத்தே ஆறி
குளத்துப் பாசியானது.
மருத்துவமனை இரவுப்பணி முடிந்து
நிதியா வந்தாள், காலணியைக் கழற்றாமலே கேட்டாள்:
"எல்லாம் பூட்டியாச்சு, சரி.
அவகிட்ட பேசினியா?"

ஞாயிற்றுக்கிழமை ஆற்றங்கரை.
பேச்சைக் குளியலறையில் இரண்டு முறை
சொல்லிப் பார்த்திருந்தேன்.
உடம்பு, அந்நியர், நல்லது, கெட்டது,
ஆரம்பம்கூட வைத்திருந்தேன், "இந்த உலகத்தில்" என்று.
தொண்டையைச் செருமினேன்.
அதற்குள் அவள் கேட்டாள்:
"அது அங்கே இருக்கும்னு
உனக்கு முன்னாடியே தெரியுமா?"

பொய் உதடுவரை வந்தது.
பழுதுபார்க்க வரும் கைபேசிகளில்
பார்க்கக் கூடாததைப் பார்த்திருக்கிறேன்.
பக்கத்துக் கடை வால்தேமாரும் நானும்
கதவைச் சாத்திக்கொண்டு
சிரித்தும் இருக்கிறோம்.

"தெரியும்."

அவள் தண்ணீரைக் காட்டினாள்.
"அங்கே குழி இருக்குன்னு நீதான் சொன்னே.
எனக்கு அப்ப அஞ்சு வயசு.
தோள்ல தூக்கிட்டுப் போய்
கழியை விட்டு ஆழம் காட்டினே.
நான் அழவே இல்லை.
இது இருக்குன்னு மட்டும் ஏன் சொல்லலை?"

அக்கரை அர்ஜென்டினாவில்
விளக்குகள் ஒவ்வொன்றாய் விழித்தன.
மனப்பாடம் செய்ததெல்லாம்
வாயில் மணலாய் நெறுநெறுத்தது.
வெட்கமாக இருந்தது, அதனால் சொல்லவில்லை என்றேன்.
அதை அவள் ஒரு கூழாங்கல்லைப் பார்ப்பதுபோல்
இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

தப்பு உன்னுடையது இல்லை என்றேன்.
மறுபடி வந்தால் மூடிவிட்டுக் கடைக்கு வா,
என்ன செய்துகொண்டிருந்தாய் என்று
முதலில் கேட்க மாட்டேன்.
"ரெண்டாவதா கேட்பியா?"
"ரெண்டாவதா கேட்பேன்."
"சரி."

பிறகு கேட்டாள், கேள்வி மேல் கேள்வி.
சிலவற்றுக்குப் பதில் சொன்னேன்.
இரண்டை அம்மாவிடம் கேள் என்று தள்ளிவிட்டேன்,
அது கோழைத்தனம், எனக்கே தெரியும்.
கொசு கடித்ததால் எழுந்தோம்,
முடிந்ததால் இல்லை.

செவ்வாய்க்கிழமை மதியம்
கடை வாசலில் அவள்.
வாடிக்கையாளர் ஒருவர் விலை பேசிக்கொண்டிருந்தார்,
பேசட்டும் என்று எழுந்துவிட்டேன்.
கை நடுங்கியதில் திருகாணி ஒன்று
எள்ளளவு இருக்கும்,
மேசையிலிருந்து உருண்டது.
"என்னம்மா?"

பிஸ்கட் வாங்கக் காசு கேட்டாள்.
வாங்கிக்கொண்டு, போகிற போக்கில்,
"குட்டி எழுந்து நின்னுடுச்சு,
நாலு தடவை விழுந்துச்சு" என்றாள்.

திருகாணி இன்னும் கிடைக்கவில்லை.