தெளிந்ததெல்லாம்

குளிர்பெட்டியின் இரண்டாம் தட்டில்
ஊறுகாய் வெள்ளரிக்கும் மோருக்கும் நடுவே
சீட்டுக் கிழிந்த தண்ணீர்ப் புட்டி.
அதில் இருந்தது தண்ணீர் இல்லை.
இது தெரிந்த இரண்டு பேரில்
நான் ஒருத்தி.
முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வெர்லின் முப்பத்தொரு வருஷம்
தானியக் கிடங்கில் தூசு தின்றவர்.
நெஞ்சுக்குள் ஒரு பழைய கதவு
மூச்சுக்கு மூச்சு கிறீச்சிடும்.
டாக்டர் தந்த பம்பு பாதிச் சத்தம் குறைத்தது.
மீதிச் சத்தத்துக்கு
லுத்தரன் தேவாலயத்து நிலவறையில்
காபி ஆறுவதற்குள் ஒருவர் வழி சொன்னார்:
மாட்டுத்தீவனக் கடை. முப்பத்தைந்து சதவீதம்.
"ஆக்சிஜன்தானே, ஆர்டிஸ்?
உடம்புக்கு அது பகையா?"

மருந்துக்கடைப் பழுப்புப் புட்டியில் இருப்பது மூன்று.
சிராய்ப்பில் ஊற்றினால் நுரைக்கும்;
அதற்கே இப்போது
சோப்பும் தண்ணீரும் போதுமென்கிறார்கள்.
இது முப்பத்தைந்து.
தொட்ட விரல்நுனி வெளுத்து
செத்த மீனின் நிறம் கொண்டது.
அப்போதாவது யோசித்திருக்கலாம்.
துடைத்துக்கொண்டு
துளி எண்ணினேன்.

திங்கள் மூன்று. செவ்வாய் நான்கு.
இருபத்தைந்தை எட்டியபோது
வயிறு எரிகிறது என்றார்.
கிருமி சாகும் எரிச்சல் என்று
அர்த்தமும் அவரே சொன்னார்.
நம்ப ஆசைப்பட்டவனுக்கு
வலிகூட சாட்சி சொல்ல வரும்.

ஜனவரி. ராத்திரி இரண்டேகால்.
வெளியே மைனஸ் இருபத்தாறு.
ஹீட்டர் காற்றில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்ட
அரைக்கண்ணில் நடந்துபோய்
கதவைத் திறந்தேன்.
வெளுத்ததெல்லாம் பாலில்லை என்று எனக்குத் தெரியும்.
தெளிந்ததெல்லாம் தண்ணீரில்லை என்று
தூக்கத்திலிருக்கும் கைக்குத் தெரியாது.

ஒரே மடக்கு.

தீ என்று சொல்வேன், ஆனால்
தீ சுடும்; இது பெருகியது.
வாயில் நுரை, மூக்கில் நுரை,
விலாவைத் தள்ளிக்கொண்டு வயிறு.
விஷத் தகவல் மையத்துப் பெண்
பெயர் கேட்கவில்லை, சதவீதம் கேட்டாள்.
சொன்னார் வெர்லின்.
போனில் ஒரு விநாடி சத்தமே இல்லை.
"வாந்தி எடுக்க வைக்காதீர்கள்.
ஆம்புலன்ஸ் வருகிறது."

ஒரு தேக்கரண்டி உள்ளே போனால்
அரை லிட்டர் வாயுவாக விரியுமாம்.
ஸ்கேனில் காட்டினார்கள்:
ஈரலுக்குப் போகும் ரத்தக் குழாயில்
கறுப்புப் பாசிமணிகளாய்க் குமிழிகள்.
ஒரு மணி மூளைக்கு ஏறினால்
வலது கை போகலாம், அல்லது பேச்சு,
அல்லது நான்.

மினியாபொலிஸில் ஓர் இரும்புக் கூண்டுக்குள் படுக்க வைத்தார்கள்.
கடலுக்கடியில் அறுபதடி ஆழத்து அழுத்தம்
என்றான் பொறுப்பாளன்.
வடக்கு டகோட்டாவில் பிறந்து
அறுபத்தேழு வயதுவரை
கடலே பார்க்காதவள் நான்.
காது அடைக்க அடைக்கக் கீழே போனேன்,
எங்கள் கோதுமை வயல்களுக்கெல்லாம் கீழே.
வட்டக் கண்ணாடிக்கு அந்தப்புறம் வெர்லின்
தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்,
துக்க வீட்டில் நிற்பதுபோல.

திரும்பும் வழியில்
ஃபார்கோ தாண்டியதும் மெல்லக் கேட்டார்:
"உள்ளே உனக்கு என்ன கொடுத்தார்கள்?"
"சுத்த ஆக்சிஜன்."
"பார்த்தாயா" என்றார்.
எண்பது மைல் நான் பேசவில்லை.

புட்டியை அவர் கொட்டவில்லை, நானும் கொட்டவில்லை.
சிவப்பு நகப்பூச்சால் அதன் மேல்
பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டு
கொட்டகைப் பூட்டுக்குள் வைத்தேன்.
துளி எண்ணுவது நின்றது.
அதைப் பற்றிப் பேசுவதும்.

மார்ச்சில், பனி இளகிய ஒரு காலை,
ஜன்னல் வழியே பார்க்கிறேன்:
துருவேறிய கலப்பைத் தட்டின் மேல்
கை நீட்டி எட்ட நின்று
மிச்சம் முழுவதையும் சாய்க்கிறார்.
சீறிப் பொங்குகிறது வெள்ளை நுரை,
ஆவி எழுகிறது.
அவர் முகத்தில்
கல்யாணமான புதிதில் பார்த்த சந்தோஷம்.
"ஆர்டிஸ், வந்து பார்,
எப்படி வேலை செய்கிறதென்று..."
முடிப்பதற்குள் இருமல்.
கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு
நெடுநேரம்.

நான் வெளியே போவதற்குள்
நுரை அடங்கிவிட்டது.
துரு அப்படியே இருந்தது.